மாருதி பிஸ்டனில் ஒரு மேசை விளக்கு

மாருதி 800 காரின் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்த்தால் காபி டம்ளரைவிடக் கொஞ்சம் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். குறுக்களவு 68.5 மி.மீ. அந்த 796 சிசி எஞ்சினுக்குள் இப்படி மூன்று பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கனெக்டிங் ராடு தொங்கும், பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழலும் அச்சோடு இணைக்கும் தண்டு அது. அந்தக் கார் 1983 கடைசியில் வந்து 2014-இல் நின்றுபோனது. அதனால் பழைய பாகங்களுக்குப் பஞ்சமில்லை. முதல்முறை எஞ்சின் பாகத்தில் விளக்கு செய்ய நினைப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். புல்லட் பிஸ்டனும் அழகுதான் (70 மி.மீ.), ஆனால் அதன் ராடு அடியில் முழு வளையமாக இருக்கும், நிற்கவைப்பது தொல்லை. கார் ராடு அடியில் இரண்டாகப் பிரியும். பிரிகிற இடம் தட்டையான முகம். நிற்கவைக்க அதுவே போதும்.

செய்யப்போவது இதுதான்: அடியில் ஒரு பிரேக் டிஸ்க், அதன் மேல் ராடு, ராடின் தலையில் பிஸ்டன், பிஸ்டன் மண்டையில் ஹோல்டர், பல்பு.

இந்த வேலையில் பலரும் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் இஷ்டமில்லை. எஞ்சினை வடிவமைத்தவர் எதை எதோடு பூட்ட வேண்டும் என்று யோசித்து ஓட்டைகளைப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். அந்த ஓட்டைகளையே பயன்படுத்தி, நாம் புதிதாகப் போடும் ஓட்டையை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டால் விளக்கு நேராக நிற்கும், பிடிக்காவிட்டால் கழற்றி மாற்றலாம், எஞ்சினின் பாகம் எஞ்சினின் பாகமாகவே தெரியும். கீழே சொல்லும் விளக்கில் பழைய பாகங்களில் போடும் புது ஓட்டை ஒன்றே ஒன்று. அது பிஸ்டன் மண்டையில்.

பாகங்களைத் தேடுவது

சென்னைக்காரர்கள் புதுப்பேட்டைக்குப் போகலாம், கோவைக்காரர்கள் உக்கடம் பக்கம் பார்க்கலாம். ஆனால் முதலில் உங்கள் தெரு மெக்கானிக்கைக் கேளுங்கள். போர் அடித்த, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிய வண்டிக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டபின் பழையது எதற்கும் உதவாது, மூலையில் ஒரு பெயிண்ட் டப்பாவில் கிடக்கும். "அண்ணே, தூக்கிப்போடுற பிஸ்டன், ராடு ஏதாவது இருக்கா? விளக்கு செய்யணும்" என்று கேட்டால், முதலில் சிரிப்பார், அப்புறம் டப்பாவைக் கவிழ்ப்பார். காயலான் கடையில் எடை போட்டுத் தருவார்கள்.

ராடும் பிஸ்டனும், இரண்டையும் கோத்துப் பிடிக்கும் இரும்புப் பின்னோடு சேர்ந்தே கிடைத்தால் அப்படியே வாங்கிவிடுங்கள். சில எஞ்சின்களில் அந்தப் பின் இரண்டு பக்கமும் சர்க்ளிப் (வளையக் கிளிப்) போட்டு நிற்கும், கையால் கழற்றலாம். சிலவற்றில் ராடுக்குள் இறுக்கி அழுத்தியிருப்பார்கள். அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயன்றால் பிஸ்டன் உடையும். ராடின் கீழ்மூடியும் இரண்டு நட்டும் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அது சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் உள்ளே இறுகி நின்றுபோன எஞ்சின். அந்தக் கீறலை நான் விரும்பித் தேடி வாங்குவேன். விரிசலோடு இருப்பது வேண்டாம்.

டிஸ்க் எந்தச் சின்னக் காருடையதாக இருந்தாலும் சரி. தேய்ந்துபோனதே போதும். நடுவில் தொப்பிபோல் மேடாக, அடியில் குழிவாக இருக்க வேண்டும். நட்டும் வயரும் அந்தக் குழிவுக்குள்தான் ஒளியப்போகின்றன.

தொடக்கூடாதவை சில உண்டு. எஞ்சின் நம்பர் அடித்த கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அது திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஷாக் அப்சார்பரை அறுக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கலாம். சில எஞ்சின்களின் எக்ஸாஸ்ட் வால்வு உள்ளீடற்றதாக, சோடியம் நிரப்பியதாக இருக்கும். அதை அறுத்துத் தண்ணீர் பட்டால் வெடிக்கும். பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், உலர்ந்த நிலையில் சுரண்டவே வேண்டாம். டிஸ்க்கில் அப்பியிருக்கும் பிரேக் தூசிக்கும் இது பொருந்தும். ஊதித் தட்டாமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழுவுவது

இரண்டு நாள் வேலையில் ஒன்றரை நாள் இதற்கே போகும். அவசரப்பட்டால் விளக்கு வீட்டுக்குள் வந்தபிறகும் எண்ணெய் நாற்றம் போகாது.

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு: ராடு, டிஸ்க், நட்டு, பின். ஒட்டாவிட்டால் அலுமினியம்: பிஸ்டன். இரண்டையும் தனித்தனி வாளியில் போடுங்கள். இந்தச் சின்னப் பாடத்தை நான் ஒரு பிஸ்டனைப் பலிகொடுத்துக் கற்றேன். பட்டறைக்காரர்கள் இரும்பைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவுவதைப் பார்த்துவிட்டு, வீட்டு மாடியில் எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் சோடா பாட்டில் உடைத்த மாதிரி நுரை. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வரும். நல்லவேளை திறந்த மாடி. மறுநாள் எடுத்தபோது பிஸ்டன் கரியேறி, அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தது. காஸ்டிக் இந்த வேலைக்கே தேவையில்லை என்று அதற்கப்புறம்தான் புரிந்தது.

பிஸ்டனுக்கு டீசலோ மண்ணெண்ணெயோ போதும். ஒரு ராத்திரி ஊறட்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அதன் ஆவி தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் அடுப்பில் பற்றும். மண்டையில் படிந்திருக்கும் கரியை மூங்கில் குச்சியைச் சீவி அதனால் சுரண்டுங்கள். இரும்பால் சுரண்டினால் கோடு விழும். ஈரத்தோடு சுரண்டுவது முக்கியம். 2000-ஆம் ஆண்டுவரை நம் ஊர்ப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, பழைய எஞ்சின் கரியிலும் அது இருக்கலாம். முகமூடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அந்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள், அவர் பழைய ஆயில் டிரம்மில் ஊற்றிக்கொள்வார்.

பிஸ்டன் ரிங் வார்ப்பிரும்பு, கொஞ்சம் விரித்தாலே பட்டென்று உடையும். இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள், ரிங்கோடு இருப்பதே பார்க்க நன்றாக இருக்கும். கழன்றுவந்தால் ரிங் இருந்த பள்ளங்களின் ஓரத்தை உப்புத்தாளால் லேசாக மழுக்குங்கள், கையை அறுக்கும்.

இரும்புப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கு டீசலில் போனபிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு, வெந்நீர், பித்தளை பிரஷ். துரு இருந்தால் புளிக்கரைசலில் ஒரு ராத்திரி. பித்தளைக் குடத்துக்குச் செய்வதுதான், கொஞ்சம் கெட்டியாகக் கரைத்தால் போதும். காலையில் எடுத்து, சோடா உப்பு கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் கழுவிய இரும்பு ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறம் காட்டத் தொடங்கிவிடும். காய்ந்த கையோடு தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு பூசிவிடுங்கள்.

எதுவரை தேய்ப்பது என்பது அவரவர் விருப்பம். கண்ணாடிபோலப் பளபளக்கும் பிஸ்டன் எனக்குக் கடையில் வாங்கிய பொம்மைபோலத் தோன்றும். மண்டையில் ஓவர்சைஸ் எண்ணும், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று காட்டும் அம்புக்குறியும் பொறித்திருக்கும். அவை தெரிகிற அளவுக்குக் கரி போனால் நான் நிறுத்திவிடுவேன்.

பூட்டுவது

லேத் பட்டறையில் செய்துவாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள்: 3 மி.மீ. கனத்தில் ஒரு வட்டத் தகடு. டிஸ்க்கின் நடு ஓட்டை பெரிதாக இருப்பதால் ராடு அதன் மேல் நிற்காது, அதை மூடத்தான் இந்தத் தகடு. டிஸ்க்கையும் ராடையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். பேப்பரில் வரைந்த அளவை நம்பி வெட்டினால் ஓட்டை சேராது. தகட்டில் வேண்டியவை: ராடின் இரண்டு ஸ்டட்டுக்கு (கீழ்மூடியைப் பூட்டும் போல்ட்) இரண்டு ஓட்டை, அவற்றுக்கு நடுவே வயர் போக ஒன்று, டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் வீல் போல்ட் ஓட்டைகளுக்கு நேராக நான்கு. போகிற போக்கில் பிஸ்டன் மண்டையின் நடுவில் 10 மி.மீ. ஓட்டையும் அவரிடமே போட்டுக்கொள்ளலாம். லேத்தில் மையம் தவறாது.

வீட்டிலேயே டிரில் போடுவதாக இருந்தால், மையத்தைக் குறித்து பஞ்ச்சால் ஒரு புள்ளி அடியுங்கள். முதலில் 3 மி.மீ., அப்புறம் 6, அப்புறம் 10. பிஸ்டனைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டை போடாதீர்கள், பிட் மாட்டினால் பிஸ்டன் சுழன்று விரலைப் பதம்பார்க்கும். இரண்டு மரக்கட்டைக்கு நடுவே வைத்து வைஸில் பிடிக்க வேண்டும். அலுமினியத் தூள் பிட்டில் அப்பிக்கொள்ளும், சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டால் அப்பாது. ஓட்டை விழுந்ததும் பெரிய பிட் ஒன்றைக் கையால் திருகி இரண்டு பக்க ஓரத்தையும் மழுக்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி அடுக்குவதுதான். தகட்டின் மேல் ராடு, தகட்டுக்கு அடியில் ராடின் கீழ்மூடி, பழைய நட்டு இரண்டையும் போட்டு முடுக்கினால் தகடு நடுவில் சிக்கி நிற்கும். முன்பு கிராங்கைக் கவ்விய அதே பிடி இப்போது தகட்டைக் கவ்வுகிறது. தகட்டின் கனத்தால் நட்டுக்குக் கிடைக்கும் மரை 3 மி.மீ. குறையும், விளக்குக்கு அது பரவாயில்லை. கீழ்மூடி டிஸ்க்கின் குழிவுக்குள் அடங்குமா என்று முன்னாலேயே அளந்துபார்த்துக்கொள்ளுங்கள். அடங்காவிட்டால் ஸ்டட்டுகளைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளில் அளவான சின்ன போல்ட் போட்டு நேராகத் தகட்டில் பூட்டலாம். எப்படிச் செய்தாலும் தகட்டுக்கு மேலே ராடின் அடிப்பாகம் ஒரு வளைவுபோல, சின்னக் கோயில் வாசல்போல நிற்கும். வயர் அடியில் இறங்கப்போவது அந்த வாசல் வழியாகத்தான்.

தகட்டை டிஸ்க்கோடு மூன்று போல்ட் போட்டுப் பூட்டுங்கள். நான்காவது ஓட்டையைக் காலியாக விடுங்கள். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் போட மறக்காதீர்கள்.

பிஸ்டன் பின்னில் ஆடும், எஞ்சினில் ஆடுவதுதானே அதன் வேலை. பல்பை மாற்றும்போது தலை ஆடாமல் இருக்க, ராடின் மேல்கண்ணுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இரண்டு பக்கமும் இருக்கும் இடைவெளியில் ரப்பர் வாஷரை வெட்டித் திணித்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் தலையை வேண்டிய பக்கம் சாய்த்தும் வைக்கலாம்.

வயரிங்

என்னுடைய முதல் விளக்கு புல்லட் பிஸ்டனில் செய்தது. இரண்டு கோர் வயர், எர்த் கிடையாது, ஓட்டையின் ஓரத்தை மழுக்கவும் இல்லை. ஏழெட்டு மாதம் ஒழுங்காக எரிந்தது. ஒருநாள் காலையில் அம்மா ஈரத்துணியால் தூசு துடைக்கப்போக, சுரீரென்று இழுத்துத் துணியை வீசினார். காலில் செருப்பு இருந்ததால் அதோடு போயிற்று. பிரித்துப் பார்த்தால், ஓட்டையின் கூர் ஓரம் வயரின் மேலுறையை நாளாக நாளாக அறுத்து, செம்பு பிஸ்டனைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா இன்றுவரை நான் செய்யும் எந்த விளக்கையும் தொடுவதில்லை.

ஆகவே, உடம்பு முழுக்க உலோகமான விளக்குக்கு எர்த் கட்டாயம். மூன்று கோர் வயர், 0.75 சதுர மி.மீ., ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. துணி உறை போட்டது கிடைத்தால் இந்த விளக்குக்கு எடுப்பாக இருக்கும். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய வகை வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. மூன்று பின் உள்ள 6 ஆம்ப் பிளக். 230 வோல்ட்டில் கைவைக்கப் பயமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 12 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்கி, 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு போட்டு முதல் விளக்கை முடியுங்கள். அந்த வயரில் வீட்டு பிளக்கை மட்டும் யாரும் மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாமான் கடையில் நிப்பிள் என்று கேட்டால், வெளியே மரை போட்ட சின்னக் குழாய்த் துண்டு தருவார்கள். 10 மி.மீ. நிப்பிள் மண்டை ஓட்டைக்குள் போகும். உள்ளே ஒரு நட்டு, வெளியே ஒரு நட்டு, அதன் மேல் ஹோல்டரைத் திருகவேண்டியது. ஹோல்டரின் மரையும் நிப்பிளின் மரையும் சேர்கிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். நிப்பிளின் வாய் ஓரத்தையும் மழுக்கி, வயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் புஷ் ஒன்று போடுங்கள்.

வயர் போகும் வழி: ஹோல்டரிலிருந்து நிப்பிள் வழியாகப் பிஸ்டனுக்குள், ராடின் பக்கமாக இறங்கி வெளியே. ராடை உற்றுப் பாருங்கள், இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். எடையைக் குறைக்கப் போட்ட பள்ளம், வயருக்கு அளவெடுத்த வாய்க்கால். அதற்குள் வயரைப் படுக்கவைத்து இரண்டு இடத்தில் மெல்லிய கறுப்பு கேபிள் டை போட்டால் பின்னாலிருந்து பார்த்தால்தான் வயரே தெரியும். அப்புறம் அந்தக் கோயில் வாசலுக்குள் நுழைந்து, தகட்டின் நடு ஓட்டை வழியே அடியில் இறங்கி, காலியாக விட்ட நான்காவது ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். இரண்டு ஓட்டையிலும் ரப்பர் கிரோமெட் (ஓட்டையின் ஓரத்தை மூடும் வளையம்) போடுங்கள். வெளியேறும் இடத்துக்குச் சற்று உள்ளே வயரை ஒரு கிளிப் போட்டுத் தகட்டோடு பிடிக்கவைத்தால், யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் இழுப்பு ஹோல்டர்வரை போகாது.

எர்த்தை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும். ஒன்று தகட்டின் அடியில், ஒரு போல்ட்டின் நட்டுக்குக் கீழ் லக் (வயர் முனையில் மாட்டும் வளையத் தகடு) வைத்து. இன்னொன்று பிஸ்டனுக்குள், நிப்பிளின் உள்நட்டுக்குக் கீழ். ஒன்று போதாதா என்றால் போதாது. பிஸ்டனுக்கும் ராடுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம், ரப்பர் வாஷர் எல்லாம் இருக்கிறது. இன்று தொடர்பு இருக்கும், நாளை இருக்காது. லக் உட்காரும் இடத்தைப் பளிச்சென்று உலோகம் தெரிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பல்லுள்ள வாஷர் போட்டு முடுக்குங்கள்.

திருகு ஹோல்டராக இருந்தால் ஃபேஸ் நடு முனைக்கும் நியூட்ரல் மரைப் பக்கத்துக்கும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பல்பு மாற்றும்போது விரல் படுகிற மரையில் கரண்ட் இருக்கும். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் பின் ஹோல்டரில் இந்தத் தொல்லை இல்லை. வயரில் சுவிட்ச் போட்டால் ஃபேஸை மட்டும் வெட்டிப் போடுங்கள், எர்த் எங்கும் அறுபடாமல் போக வேண்டும். செம்பு இழைகளை முறுக்கி, மடித்து, திருகுக்குக் கீழ் வையுங்கள், ஒரு இழைகூட வெளியே நீட்டக்கூடாது. முனைக்கு ஈயம் பற்றவைத்துத் திருகுவது நல்லதென்று சிலர் சொல்வார்கள். அது நாளடைவில் நசுங்கித் தளர்ந்துவிடும்.

பிளக்கை மாட்டும் முன்

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள். ஒரு முனை பிளக்கின் பெரிய பின்னில். மறுமுனையால் பிஸ்டன், ராடு, தகடு, டிஸ்க், ஹோல்டரின் பித்தளை உடம்பு ஒவ்வொன்றையும் தொடுங்கள். எல்லாம் கத்த வேண்டும், ஓம் அளவில் பார்த்தால் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று கத்தாவிட்டால் அங்கே துருவோ பெயிண்டோ இருக்கிறது, தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்து, பல்பைக் கழற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டு, பெரிய பின்னுக்கும் மற்ற இரண்டு பின்களுக்கும் நடுவே பாருங்கள். இங்கே கத்தவே கூடாது. வயரை அங்கங்கே ஆட்டிக்கொண்டே பாருங்கள், அறுபட்ட இடம் ஆட்டும்போதுதான் அகப்படும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், முதல் விளக்கை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டி மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்குத் தெரியாத கசிவு அதில் தெரியும். முதல்முறை எரியவிடும்போது 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் மாட்டுங்கள். எர்த் எப்போதோ அறுந்துபோன பழைய வீடுகள் நிறைய உண்டு. அங்கே மூன்று பின் பிளக் வெறும் அலங்காரம், அதையும் அவரிடமே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பல்பு 4 வாட் ஃபிலமென்ட் எல்.இ.டி., மஞ்சள் வெளிச்சம், 2700 கெல்வின் அல்லது அதற்குக் கீழ். வெள்ளை வெளிச்சத்தில் அலுமினியம் ஆஸ்பத்திரிக் கருவிபோலத் தெரியும். பழைய 60 வாட் குண்டு பல்பு போட்டால் பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகாது, ஹோல்டரும் வயரும்தான் சூட்டில் காய்ந்துபோகும்.

டிஸ்க்கின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள், மேசை கீறாது. ஒரு மாதம் கழித்து விளக்கைக் கவிழ்த்து எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்கிவிட்டு, எர்த் பின்னிலிருந்து பிஸ்டனுக்கு மறுபடியும் பீப் வருகிறதா என்று பாருங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், அதிகபட்சம் எத்தனை வாட் பல்பு என்று ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டிக்கொடுங்கள்.